ஏ.எஸ்.டி.யை அளக்க எது நம்பகமானது: இருபரிமாண எக்கோ, பலூன், முப்பரிமாண எக்கோ

இதயத்தின் இரு மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரின் ஓட்டையை (ஏ.எஸ்.டி.), நெஞ்சைத் திறக்காமல், தொடைச் சிரை வழியாக, இரு தட்டுகளும் அவற்றை இணைக்கும் இடைப்பகுதியும் கொண்ட டிவைஸைச் செலுத்தி மூடும்போது பக்கத்தில் நின்று எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம், பார்ப்பது என் வேலை. உணவுக்குழாய் வழி இருபரிமாண எக்கோவிலேயே பல ஆண்டுகள் பழகியவன், இப்போது முப்பரிமாணத்துக்கு மாறிவிட்டேன். சுவரின் நடுப்பகுதியில் வரும் செகண்டம் வகை ஓட்டையைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். வேறு இடங்களில் வரும் பிரைமம், சைனஸ் வீனோசஸ் வகைகளுக்கு இந்த டிவைஸ் பொருந்தாது.

நெஞ்சின்மேல் வைத்துப் பார்க்கும் எக்கோ ஓட்டை இருப்பதையும் வலப்பக்க இதயம் விரிந்திருப்பதையும் சொல்லிவிடும். பெரியவர்களில் ஓட்டையைச் சுற்றி எஞ்சியிருக்கும் சுவரின் விளிம்புகளை அளக்க அது பெரும்பாலும் போதாது.

உணவுக்குழாய் வழி இருபரிமாண எக்கோவில் 0, 45, 90 முதல் 110 பாகை எனக் கோணங்களை மாற்றி, ஒவ்வொரு வெட்டிலும் ஓட்டையின் அகலத்தையும் இருபுற விளிம்புகளையும் அளக்கிறோம். படம் கூர்மையாகவும் வேகமாகவும் கிடைக்கும். ஆனால், ஓட்டையின் நீண்ட அச்சு நாம் எடுத்த வெட்டுகளுக்கு இடையே விழுந்துவிட்டால், அதைத் தவறவிட்டதே நமக்குத் தெரியாது.

முப்பரிமாணத்தை நான் விரும்புவதற்கான காரணம் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. ஒரு நோயாளிக்கு இருபரிமாண வெட்டுகளில் ஓட்டை 17 முதல் 20 மி.மீ. வரை வந்தது. மேற்பெருஞ்சிரை மேலே இருக்குமாறு முப்பரிமாணப் படத்தைத் திருப்பி, வலது மேலறைப் பக்கத்திலிருந்து சுவரை நேர்முகமாகப் பார்த்தபோது அது வட்டமாக இல்லை. சாய்ந்து கிடந்த முட்டை வடிவம், நீளம் 26, அகலம் 17 மி.மீ. டிவைஸின் இடைப்பகுதியோ வட்டமானது. அது விரிகையில் முட்டை வடிவ ஓட்டையையும் ஏறக்குறைய வட்டமாக்கிவிடுகிறது. ஆகவே அகலத்தையோ நீளத்தையோ தனியே எடுத்துக்கொள்வதைவிட, சுற்றளவை அளந்து அதற்கு ஈடான வட்டத்தின் விட்டத்தைக் கணக்கிடுவதே பொருத்தம். இங்கே சுற்றளவு சுமார் 68 மி.மீ., ஈடான விட்டம் ஏறத்தாழ 22. பதினேழை நம்பியிருந்தால் டிவைஸ் நழுவியிருக்கலாம்; இருபத்தாறை நம்பியிருந்தால் அளவுக்கு மீறிய டிவைஸ் மகாதமனியை உரசிக்கொண்டிருக்கும், அந்த உரசல் நாளடைவில் சுவரை அரிப்பது அரிதென்றாலும் உயிருக்கே ஆபத்தானது. துடிப்புக்குத் துடிப்பு ஓட்டை விரிந்து சுருங்குவதால், கீழறைகள் சுருங்கி முடியும் தருணத்தில், அதாவது ஓட்டை மிகப் பெரிதாக இருக்கும்போது, அளப்பதே முறை.

விளிம்புகளுக்கும் இதே கதைதான். மகாதமனிப் பக்க விளிம்பு 5 மி.மீ.க்குக் குறைவாக இருப்பது அடிக்கடி காண்பது, பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கீழ்ப்பெருஞ்சிரைப் பக்கத்தில் அது குறைந்தால்தான் உண்மையான கவலை, ஏனெனில் டிவைஸுக்கு அங்கே பிடிமானம் இருக்காது. குறை எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது நேர்முகப் படத்தில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஓட்டை ஒன்றா, பலவா என்பதும் அப்படியே.

ஓட்டைக்குள் பலூனை ஊதி, ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரில் ஒழுக்கு நின்ற கணத்தில் அளப்பது பழைய முறை. சுவரின் ஓரம் மெலிந்து ஆடுகிற இடத்தில் எது தாங்கும், எது வளைந்து கொடுக்கும் என்பதைக் கையால் அழுத்திப் பார்ப்பதுபோல் பலூன் சொல்லும். முப்பரிமாணப் படம் அதைச் சொல்லாது. ஒழுக்கு நின்ற பிறகும் ஊதினால் ஓட்டையே நீண்டு அளவு ஏறிவிடும்.

இதயத்துக்குள்ளேயே செலுத்தும் எக்கோ கதீட்டரை நான் சில நோயாளிகளில்தான் பார்த்திருக்கிறேன். அதனால் அழுத்திச் சொல்லத் தயங்குகிறேன். மயக்கமருந்து தேவையில்லை என்பதும், கீழ்ப்பக்க விளிம்பு நன்றாகத் தெரிகிறது என்பதும் அதன் பலம். ஒரு முறை பயன்படுத்திவிட்டு எறியும் பொருள் என்பதால் செலவு கூடும். உணவுக்குழாய் புரோபை கிருமிநீக்கம் செய்து மீண்டும் பயன்படுத்தலாம்.

முப்பரிமாணத்துக்கும் ஏமாற்றத் தெரியும். எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயினைக் குறைத்தால் மெல்லிய சுவர் மறைந்து இல்லாத ஓட்டை தோன்றும். கூட்டினால் உள்ள ஓட்டை சிறுத்துவிடும். படத்தின் வேகமும் குறைவு. சந்தேகம் வரும் இடத்தை இருபரிமாணத்தில், கலர் டாப்ளருடன், மறுபடி பார்க்காமல் நான் எண்ணைச் சொல்வதில்லை. இரண்டும் ஒத்துவராதபோது பலூனைக் கேட்கிறேன். டிவைஸை, அதை உள்ளே செலுத்திய கேபிளிலிருந்து கழற்றும் முன் விளிம்புகள் இரு தட்டுகளுக்கும் இடையே சிக்கியிருக்கின்றனவா என்று இரண்டு படங்களிலும் பார்த்த பிறகே தலையசைக்கிறேன்.