ஆர்எக்ஸ் 100 பிளாக் வாங்கப் போய் 16,500 ரூபாய் போச்சு, யாரும் ஏமாறாதீங்க

கை இன்னும் நடுங்குகிறது, பிழை இருந்தால் மன்னிக்கவும். பழைய வண்டிக்கு ஆன்லைனில் சாமான் வாங்குபவர்களுக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

அப்பாவின் பைக், 1989 யமஹா ஆர்எக்ஸ் 100. போன மாதம் வத்தலகுண்டு ரோட்டில் பிஸ்டன் சீஸ் ஆகி (உள்ளே இறுகி) நின்றுவிட்டது. பிளாக் என்றால் பிஸ்டன் ஓடும் சிலிண்டர். ஏற்கெனவே கால் கால் எம்எம்மாக நாலு தடவை போர் போட்ட (உள்துளையைக் கடைந்து பெரிதாக்கிய) பிளாக், இனி போட அதில் சதை இல்லை. 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு ஸ்டாண்டர்டு பிளாக் (போர் போடாத அளவு) எங்கே கிடைக்கும்? பழைய சாமான் விற்கும் ஒரு ஆப்பில் தேடினேன். “பழைய ஸ்டாக், பிரிக்காத ஜப்பான் கிட்” என்று ஒருவன் போட்டிருந்தான். பூப்போட்ட பெட்ஷீட் மேல் பளபளவென்று பிளாக். விலை 16,500.

போன் செய்தேன். விலையைப் பற்றி அவன் பேசவே இல்லை. “எந்த வருஷ வண்டிண்ணே? பாயின்ட் செட் ஒரிஜினலா இருக்கா?” என்றுதான் கேட்டான். அப்பா வண்டி என்றதும், “அப்போ வேற யாருக்கும் தரமாட்டேண்ணே, உங்களுக்குத்தான்” என்றான். அன்று ராத்திரி அவனுடைய ஆர்எக்ஸ் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை வாய்ஸ் மெசேஜில் அனுப்பினான். அந்த ‘டட்டட்டட்’டைக் கேட்டு, படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், ஜிபேயில் 16,500-ஐ மொத்தமாகப் போட்டுவிட்டேன். புத்தி எங்கே போச்சோ!

பன்னிரண்டு நாள் கழித்து லாரி ஆபீஸில் பார்சல். பிரித்ததும் பெயின்ட் வாசனை. தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன், பெயின்ட் கையோடு வந்தது. பெயின்ட்டுக்கு அடியில் ஒரு ஃபின் (சூட்டைத் தணிக்கும் தகடு) உடைந்து, எம்-சீல் வைத்து ராவியிருந்தது. லேத் மாஸ்டர் கேஜை விட்டுப் பார்த்துவிட்டு நிமிரவே இல்லை. “தம்பி, ஸ்டாண்டர்டு அம்பது எம்எம். இது அம்பத்தொண்ணு.” என் பழைய பிளாக்கும் அதே ஐம்பத்தொன்றுதான்! 16,500 கொடுத்து அதன் தம்பியை வாங்கியிருக்கிறேன்.

அவனைக் கூப்பிட்டால் முதல் நாள், “பார்சல் மாறியிருக்கும்ணே, நாளைக்குப் பார்க்கலாம்.” மறுநாள், “உங்க லேத்காரருக்கு அளக்கத் தெரியல.” மூன்றாம் நாள் ஒற்றை டிக்தான், போட்டோவும் காணோம். ஆப்காரர்களிடம் புகார் கொடுத்தால் பணம் அவர்கள் வழியாகப் போகவில்லையாம். வங்கியில், “நீங்களேதானே சார் அனுப்பியிருக்கீங்க?” கேள்வியைப் பாருங்கள்! சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன். நம்பர் கொடுத்தார்கள், நம்பர் இருக்கிறது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிளாக்கை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை. வெர்னியரை (அளக்கும் கருவி) பிளாக்கின் உள்துளையில் வைத்து வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். புது பெயின்ட் அடித்த பிளாக் பக்கமே போகாதீர்கள். நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

இன்று காலை அதே ஆப்பில் வேறு பெயரில் ஒரு விளம்பரம். அதே பூப்போட்ட பெட்ஷீட். விலை மட்டும் 17,000.