மலையேற்றத்துக்கு இலேசான தண்ணீர்ப் போத்தல்: நீண்டகாலப் பயன்பாட்டின் பின்

கொழும்பிலிருந்து வார இறுதிகளில் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் சிவனொளிபாதமலைக்கும் செல்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் பலர் முதலில் கேட்பது எந்தப் போத்தல் பாரம் குறைந்தது என்பதைத்தான். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, அதைக் குறைக்க வழியில்லை, ஆகவே போத்தலின் பாரத்தையாவது குறைப்போம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பல ஆண்டுகளாக நான்கு வகைப் போத்தல்களை மாறி மாறிச் சுமந்த பிறகு, ஓடைகள் நிறைந்த நமது ஈரவலய மலைகளில், ஒரு போத்தலை எவ்வளவு எளிதாக நிரப்ப முடிகிறது என்பதே முதுகுச் சுமையைத் தீர்மானிக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். நிரப்புவது எளிதென்றால் அடுத்த ஓடை வரைக்கும் வேண்டியதை மட்டும் சுமக்கலாம். கடினமென்றால், நாள் முழுவதற்குமான மூன்று லீற்றரையும் காலையிலேயே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதாகிவிடும்.

வெற்றிட இரட்டைச் சுவர் கொண்ட எவர்சில்வர் போத்தலை நான் மலைக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். ஒரு லீற்றர் அளவுடையது வெறுமையாகவே 400 கிராமைத் தாண்டும். அதை நெருப்பில் வைத்துத் தண்ணீர் கொதிக்க வைக்கவும் கூடாது, வெடிக்கும் ஆபத்து உண்டு. அலுவலக மேசைக்கு அது மிக நல்லது.

ஒப்பிட வேண்டியவை மற்ற மூன்றுமே. நல்ஜீன் நிறுவனத்தின் அகன்ற வாய்ப் போத்தலில், கண்ணாடி போன்ற டிரைட்டான் என்னும் பிளாஸ்டிக் வகை ஏறத்தாழ 180 கிராம். பால் நிறத்தில் இருக்கும் எச்.டி.பி.ஈ. என்னும் பிளாஸ்டிக் வகை ஏறத்தாழ 110 கிராம். கடையில் தண்ணீரோடு வாங்கும் சாதாரண பெட் போத்தலும், சுருட்டி வைக்கக்கூடிய மென்பையும் ஒரு லீற்றர் அளவில் 40 கிராமுக்கு அருகில்தான் நிற்கும். தராசை மட்டும் பார்த்தால் இத்துடன் விடயம் முடிந்துவிடும்.

ஓடையருகே குனியும்போதுதான் வித்தியாசம் தெரியும். பாறையின் மேல் விரல் பருமனுக்கு வழியும் நீரில் மென்பையை வைத்தால், அதன் இரு பக்கங்களும் ஒட்டிக்கொண்டு உள்ளே நீர் போகாது; வாயால் ஊதி விரித்த பிறகும் பாதிதான் நிறையும். அகன்ற வாய்ப் போத்தலைச் சரித்துப் பிடித்தால் சட்டென்று நிறைந்துவிடும். பெட் போத்தலின் வாய் சிறியது என்றாலும், நீண்ட இலையொன்றைப் பாறையில் அழுத்தி வைத்து நீரை அதன் நுனிவழியே விழச் செய்தால் அதுவும் நிறையும். பெட் போத்தலின் 28 மில்லிமீற்றர் திருகுமரையில் சோயர் நிறுவனத்தின் நீர் வடிகட்டி நேராகப் பொருந்துவது பெரிய வசதி. போத்தலை நசுக்கியே வடித்த நீரைக் குடிக்கலாம்.

தேயிலைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் கீழே எடுக்கும் நீரை வடிகட்டியோடு மட்டும் நான் நம்புவதில்லை. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி 0.2 மைக்ரோன் துளையையும் கடந்து செல்லக்கூடியது. வடிகட்டி வைரசுகளையும் தடுக்காது. அத்தகைய இடங்களில் நன்றாகக் கொதிக்க விட்டு ஒரு நிமிடமும், 2000 மீற்றருக்கு மேலே மூன்று நிமிடங்களும் வைத்திருக்க வேண்டும். கொதித்த நீரை உடனே ஊற்ற எச்.டி.பி.ஈ. போத்தல் தாங்கும், பெட் போத்தல் 70 பாகைக்கு மேல் நெளிந்து சுருங்கிவிடும். குளிரும் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து இரவுகளில், சூடான நீருள்ள எச்.டி.பி.ஈ. போத்தலைத் துணியில் சுற்றி உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்வது எவ்வளவு ஆறுதல் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மென்பையின் பெரிய குறை மடிப்பில் இருக்கிறது. நான் வைத்திருந்த ஒன்றில், அடிமூலையில் மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் ஊசிமுனையளவு துளை விழுந்து, பைக்குள் இருந்த துணியெல்லாம் நனைந்தது. ஆனாலும் அதற்கென்று ஒரு சிறப்பு உண்டு: காற்றை வெளியேற்றி மூடினால் நீர் சளசளக்காது. பிற நாடுகளில் வேட்டைக்குச் செல்பவர்கள் இதற்காகவே அதை விரும்புகிறார்கள். பறவைகளையும் மரைமான்களையும் அமைதியாகப் பார்க்க விரும்பும் நமக்கும் அது பயன்படும். ஓடைகள் வற்றிப்போகும் உலர்வலயக் காடுகளில் நான்கு லீற்றர் வரை சுமக்க நேரும்போது, குடித்து முடித்த பின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் மென்பைக்கு ஈடில்லை.

ஆகவே ஈரவலயத்துக்கு ஒரு எச்.டி.பி.ஈ. போத்தலும் ஒரு பெட் போத்தலும், உலர்வலயத்துக்கு அவற்றோடு இரண்டு மென்பைகளும் என்று எடுத்துச் செல்கிறேன். உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூள் கரைத்த நீரைப் பெட் போத்தலில் மட்டுமே வைப்பேன். பால் நிறப் போத்தல் சுவையையும் மணத்தையும் பிடித்துக்கொள்ளும். கொழும்பின் ஈரக்காற்றில் மூடியோடு வைத்த எதுவும் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் கழுவி, மூடியின் உட்புற மரைகளையும் பழைய பற்றூரிகையால் தேய்த்து, வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து முழுவதும் உலர விடுகிறேன்.