ஆறு மாசம் கிளாஸ்ல புழங்குன இதய மாடல், என் ரிவ்யூ

இந்த இதய மாடல் வாங்கி ஆறு மாசம் ஆச்சு. நான் பயாலஜி டீச்சர், வாரத்துல நாலு கிளாஸ்லயாவது இது என் கையில இருந்து பசங்க கைக்கு போயிட்டு திரும்பி வரும், அதனால பாக்ஸை பிரிச்ச அன்னிக்கே எழுதாம நல்லா புழங்கி பாத்துட்டு எழுதுறேன். நிஜ சைஸ், ஒரு பெரிய ஆளோட மூடுன கை அளவு. முன்பக்க சுவர் காந்தத்துல ஒட்டிட்டு இருக்கும், இழுத்தா கழண்டு வந்துடும். அடியில ஒரு ஸ்டாண்டு, கூட ஒரு நம்பர் அட்டை, அவ்வளவுதான் பாக்ஸ்ல.

நான் முதல்ல பாத்தது சுவரோட தடிமன். இதுக்கு முன்னாடி நாங்க வச்சிருந்த மாடல்ல ரெண்டு வென்ட்ரிக்கிளுக்கும் (ரத்தத்தை வெளிய தள்ளுற கீழ் அறை) ஒரே தடிமன், அதை வச்சு எவ்வளவு பேசினாலும் இடது பக்கம் பலமானதுன்னு பசங்க மனப்பாடம்தான் பண்ணுவாங்க. இதுல முன்பக்கத்தை கழட்டுனதும் வெட்டுன ஓரம் அப்படியே தெரியுது, இடது பக்க சுவர் கிட்டத்தட்ட என் சுண்டுவிரல் அகலம், வலது பக்கம் அதுல மூணுல ஒரு பங்குதான். நிஜ இதயத்துலயும் ஏறக்குறைய இப்படித்தான். வலது பக்கம் பக்கத்துல இருக்குற நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புனா போதும், அதுக்கு சுமார் 25 மிமீ பாதரச அழுத்தம் போதும், ஆனா இடது பக்கம் தலையில இருந்து கால் விரல் வரைக்கும் தள்ளணும், 120 வேணும். பசங்ககிட்ட நான் அடுத்து கேக்குற கேள்வி, அப்போ எந்தப் பக்கம் அதிக ரத்தம் தள்ளும்? எல்லாரும் இடதுன்னு சொல்லுவாங்க. ரெண்டும் ஒரே அளவுதான், ஓய்வா இருக்கும்போது ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி. அளவு ஒண்ணு, அழுத்தம் வேற, இந்த வித்தியாசத்தை கையில தொட்டுப் பாக்குற மாதிரி காட்டுறதுக்காகவே இந்த மாடலுக்கு முழு மார்க் போடுவேன்.

அடுத்து வால்வு. மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்குற ஈரிதழ் வால்வும் மூவிதழ் வால்வும் மெத்துன்னு ரப்பர் மாதிரி ஒரு பொருள்ல பண்ணிருக்காங்க, அதுல இருந்து மெல்லிசா நூல் நூலா இறங்கி வென்ட்ரிக்கிள் சுவர்ல இருக்குற பாப்பில்லரி தசையில போய் சேருது, அந்த நூல்தான் கார்டே டென்டினே. நிறைய நோட்ஸ்ல இந்த நூலு வால்வை இழுத்து திறக்குதுன்னு எழுதி வச்சிருக்காங்க, அது தப்பு, திறக்குறதும் மூடுறதும் ரத்தத்தோட அழுத்தத்தால தானா நடக்குது, மூடுன இதழ் மேல ஏட்ரியம் (மேல் அறை) பக்கம் புரண்டு போயிடாம பிடிச்சு நிறுத்துறதுதான் நூலோட வேலை. வென்ட்ரிக்கிள் உள்ள விரலை விட்டு இதழை கீழ இருந்து மேல தள்ளி பாருங்க, கொஞ்ச தூரம் போயி நூலு விறைச்சு நின்னுடும், ஒரு பொண்ணு இதை செஞ்சு பாத்துட்டு "மேம், இந்த நூலு அறுந்தா ரத்தம் பின்னாடி போயிடுமா"ன்னு கேட்டா, ஆமாம்மா, போயிடும்னு சொன்னேன். படம் வரைஞ்சு காட்டுன அத்தனை வருஷத்துல யாரும் என்கிட்ட அந்த கேள்வியை கேட்டதில்ல.

உடம்புக்கு ரத்தம் கொண்டு போற பெருந்தமனியோட வால்வுக்கு கொஞ்சம் மேல ரெண்டு சின்ன ஓட்டை இருக்கு பாருங்க, அது இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்குற கரோனரி ஆர்ட்டரி கிளம்புற இடம், அதையும் விடாம போட்டிருக்காங்க. ஏட்ரியத்துக்கு நடுவுல இருக்குற சுவர்ல, வலது பக்கமா பாத்தா, லேசா ஒரு குழி. ஒரு பையன் மாடல் டேமேஜ்னு சொல்லி என்கிட்ட கொண்டு வந்தான். அது ஃபோசா ஓவாலிஸ், குழந்தை வயித்துக்குள்ள இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை இல்ல, ஆக்சிஜன் அம்மாகிட்ட இருந்து தொப்புள்கொடி வழியா வந்துடுது, அதனால ரத்தம் வலது ஏட்ரியத்துல இருந்து நேரா இடதுக்கு போக அங்க ஒரு வழி இருக்கும், பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் இடது பக்க அழுத்தம் கூடி அது மூடிக்கும். நாலு பேர்ல ஒருத்தருக்கு அது முழுசா ஒட்டாம இருக்கும், பெரும்பாலும் அவங்களுக்கு தெரியவே தெரியாது. அன்னிக்கு கிளாஸ் முழுக்க இந்த குழியை பத்தியே போச்சு.

இப்போ குறை. பெரிய குறை. இடது ஏட்ரியத்துக்கு வர்ற நாலு நுரையீரல் சிரையும் நீல கலர்ல வந்துச்சு! நுரையீரல்ல ஆக்சிஜன் ஏத்திக்கிட்டு வர்ற ரத்தம் அது, சிவப்பா இருக்கணும். பக்கத்துல நுரையீரல் தமனியை பாத்தா அது சரியா நீலத்துல இருக்கு. வித்தவங்களுக்கு போன் பண்ணி சொன்னேன், "வெயின்னா புளூ தானே மேடம்"னு பதில் வந்துச்சு. எனக்கு உண்மையிலேயே கஷ்டமா போச்சு, ஏன்னா பசங்க பரீட்சையில பண்ற தப்பும் இதேதான். இதயத்துக்கு ரத்தம் கொண்டு வந்தா சிரை, வெளிய கொண்டு போனா தமனி, ஆக்சிஜன் கணக்கே இதுல வராது. போட்டோ அனுப்பி ரெண்டு தடவை மெயில் பண்ணேன், மாத்தி தரல. கடைசில அக்ரிலிக் பெயின்ட் வாங்கி நானே நாலையும் சிவப்பாக்கிட்டேன், இதுவரைக்கும் உரியல. நீலம் வெறும் அடையாளத்துக்குத்தான், ஆக்சிஜன் குறைஞ்ச ரத்தமும் கருஞ்சிவப்புதான்னு பசங்ககிட்ட ஒரு தடவை சொல்லிடுங்க, இல்லன்னா கையில தெரியுற சிரையை பாத்துட்டு நீல ரத்தம்னே நம்புவாங்க.

காந்தம் கொஞ்சம் வீக், மாடலை சாய்ச்சு பிடிச்சா முன்பக்கம் நழுவும், ரெண்டு தடவை கீழ விழுந்தும் உடையல. இதயத் துடிப்பை தொடங்கி வைக்கிற எஸ்ஏ கணு எங்கயும் குறிக்கல, நான் வலது ஏட்ரியத்துல மேல் உடம்பு ரத்தத்தை கொண்டு வர்ற மேற்பெருஞ்சிரை வந்து சேர்ற இடத்துல மஞ்சள் ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டிக்கிட்டேன்.

மருத்துவம் படிக்கிறவங்களுக்கு இது பத்தாது, ஸ்கூல் பசங்களுக்கும் நர்சிங் முதல் வருஷத்துக்கும் தாராளமா போதும். வாங்குறவங்க பாக்ஸை பிரிச்சதும் அந்த நாலு சிரை என்ன கலர்னு பாத்துட்டு, தப்பா இருந்தா அன்னிக்கே திருப்பி அனுப்பிடுங்க, நான் ஒரு வாரம் கழிச்சுதான் கவனிச்சேன்.