ஹைட்ரோபிளேன் படகு கிட்: மண்டபம் கடலுக்குத் தாங்குமா?

ஹைட்ரோபிளேன் என்பது தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் விரையும் பந்தயப் படகு. நிஜப் படகில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, ரிமோட்டில் ஓடும் இந்த மாதிரிப் படகு கிட்டில் ஃபைபர் கிளாஸ் உடல் அருமை. ஸ்பான்சன் (இருபக்க மிதவை) விளிம்புகள் நல்ல கூர்மை. அவை மழுங்கியிருந்தால் வளைவில் படகு பிடிப்பில்லாமல் வழுக்கும். 2030 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2030 சுற்று) மோட்டார், 4 செல் லிப்போ பேட்டரி, 14.8 வோல்ட். சுமையில்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 30,000 சுற்று.

கோளாறு ஃபிளெக்ஸ் ஷாஃப்ட்டில்தான், அதாவது மோட்டார் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் வளையும் கம்பியில். சுமை ஏறினால் அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு நீளம் குறையும். அதனால் ஸ்ட்ரட்டுக்கும் (பின்புறத்தில் ஷாஃப்ட்டைத் தாங்கும் பாகம்) டிரைவ் டாகுக்கும் (புரொப்பெல்லரைப் பிடித்துச் சுழற்றும் துண்டு) நடுவே 4 மி.மீ. இடைவெளி வேண்டும். கையேட்டில் இது இல்லவே இல்லை, பெரிய தவறு! ஒட்டி மாட்டினால் டாக் ஸ்ட்ரட்டில் உரசும், ஆம்பியர் எகிறும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி கருகும். கம்பியும் சாதாரண எஃகு. ஓட்டம் முடிந்ததும் உருவி, நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து மரைன் கிரீஸ் தடவுங்கள். விட்டால் மறுநாளே இழைகளுக்கிடையே துரு தெரியும்.

சுக்கானில் இருக்கும் மோட்டாரைக் குளிர்விக்கும் நீர் நுழையும் துளை ரொம்பச் சிறியது. மண்டபத்தின் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் கடற்புல் துணுக்கு ஒன்று போதும், அடைத்துவிடும். பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சுவது நின்றால் உடனே கரைக்குத் திருப்புங்கள். வாடைக்காற்று மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். அப்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) ஓரம்தான் தோது.

துருப்பிடிக்காத ஷாஃப்ட் போட்டுக்கொள்வதானால் போட்டிக்குத் தாராளமாக வாங்கலாம். புரொப்பெல்லரை மட்டும் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டாதீர்கள்.