‘இட்ஸ் கர்ட்டன்ஸ் ஃபார் ஹிம்’: எந்த அகராதி கைகொடுக்கும்?

மொழிபெயர்ப்புச் செயலியைச் சோதிக்க ‘இட்ஸ் கர்ட்டன்ஸ் ஃபார் ஹிம்’ என்ற ஒரு ஆங்கில வாக்கியம் போதும். சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் கருவி ‘அவனுக்குத் திரைச்சீலைகள்’ என்று தரும். அது சொல்லவேண்டியது ‘அவன் கதை முடிந்தது’. நாடகம் முடிந்ததும் திரை விழுமே, அங்கிருந்து வந்த வழக்கு இது.

சிக்கல் பன்மையில் இருக்கிறது. ‘இட்ஸ் கர்ட்டன் ஃபார் ஹிம்’ என்று யாரும் சொல்வதில்லை. தலைச்சொல்லை ஒருமையில் கொடுத்து ‘திரை’ என்று நிறுத்திக்கொள்ளும் இருமொழிக் கையகராதி இந்த இடத்தில் உதவாது.

மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதி பன்மையைத் தனியே பிரித்து ‘முடிவு, குறிப்பாகச் சாவு’ என்கிறது. பொருள் தெளிவு; ஆனால் வாக்கியம் அமைக்க அது போதாது. அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதிதான் என் தேர்வு. முதல் பொருளோடு நின்றுவிடாமல், பதிவின் கடைசியில் உள்ள மரபுத்தொடர்ப் பகுதிவரை போக வேண்டும். யாருக்கு முடிவோ அவரை ‘ஃபார்’ போட்டுச் சேர்க்கும் அமைப்பு அங்கே இருக்கிறது. பேச்சுவழக்கு என்ற குறிப்பும் உண்டு. பொருளைவிட அந்தக் குறிப்பு முக்கியம். அதைக் கவனிக்காமல் இரங்கல் கடிதத்தில் இதை எழுதினால், துக்க வீட்டில் ‘ஆட்டம் க்ளோஸ்’ என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

தமிழாக்குவது இடத்துக்கு இடம் மாறும். சாவு இல்லாத இடத்திலும் ஆங்கிலத்தில் இது தாராளமாக வரும். ‘முதலாளிக்குத் தெரிந்தால் இட்ஸ் கர்ட்டன்ஸ் ஃபார் அஸ்’ என்றால் ‘தொலைந்தோம்’ என்ற ஒரே சொல் கச்சிதம். நிறுவனம், திட்டம் என்றால் ‘மூடுவிழா’. ‘முடிவுக்கு வந்தது’ என்று எழுதுவது தவறில்லை, ஆனால் வாக்கியத்தின் காரம் போய்விடும்.

‘பிரிங் த கர்ட்டன் டவுன் ஆன்’ வேறு. அதைச் செய்தியிலும் எழுதலாம். ‘முற்றுப்புள்ளி வைத்தார்’, ‘நிறைவு செய்தார்’ இரண்டும் பொருந்தும். ‘கர்ட்டன் ரெய்சர்’ முன்னோட்டம்.

‘டிரா த கர்ட்டன்ஸ்’ என்பதையும் செயலியிடம் கொடுத்துப் பாருங்கள். இங்கே உண்மையிலேயே துணித்திரைதான். படம் வரைகிற பொருளில் ‘வரை’ என்று வந்தால் கருவி தேறவில்லை. இந்தத் தொடர் பெரும்பாலும் திரையை மூடுவதைக் குறிக்கும். திறப்பதற்கும் வரும் என்பதால், பொழுது இரவா காலையா என்று முன்வாக்கியத்தில் பார்க்க வேண்டும்.

நேர்ப்பெயர்ப்பு எப்போதும் பிழை என்றும் சொல்ல முடியாது. சோவியத் அணியை மேற்கு நாடுகளிலிருந்து பிரித்த எல்லையைக் குறிக்க, 1946-இல் அமெரிக்காவின் ஃபுல்டன் நகரில் சர்ச்சில் பேசிப் பிரபலமாக்கிய ‘அயர்ன் கர்ட்டன்’ தமிழில் ‘இரும்புத்திரை’யாகவே நிலைத்துவிட்டது.