சிகேஎல்ஏ வாசிப்புப் பாடத்திட்டம்: ஆசிரியர் கையில் கொடுப்பதற்கு முன்

சமூக மன்ற வகுப்பு, மாணவர் பராமரிப்பு நிலையம், புளோக் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை வாசிப்புக் குழு என்று இடங்கள் மாறினாலும், தொடக்கநிலை ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஆங்கில வாசிப்பு சொல்லிக்கொடுப்பவர்களின் சங்கடம் ஒன்றுதான். இன்று எந்த ஒலி, நாளை எது, பிள்ளை தடுமாறினால் எங்கே திரும்பிப் போவது என்று வரிசையாகச் சொல்லும் பாடத்திட்டம் கையில் இருப்பதில்லை. கடையில் வாங்கிய பயிற்சி நூலும் அதைச் சொல்வதில்லை.

அந்த வரிசையைத் தரும் ஒன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது: அமெரிக்காவின் கோர் நாலெட்ஜ் லேங்குவேஜ் ஆர்ட்ஸ், சுருக்கமாக சிகேஎல்ஏ. 1986இல் கல்வியாளர் இ. டி. ஹெர்ஷ் தொடங்கிய கோர் நாலெட்ஜ் அறக்கட்டளை உருவாக்கியது. 2008 முதல் மூன்று ஆண்டுகள் நியூயார்க் நகரின் 10 பள்ளிகளில் இதை நடத்திப் பார்த்தார்கள். நம் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் கல்வி அமைச்சின் ஸ்டெல்லர் என்ற ஆங்கிலத் திட்டம் இருக்கிறது. அதற்கு மாற்றாக இதைச் சொல்லவில்லை. பள்ளிக்கு வெளியே நடக்கும் சிறு வகுப்புகளை மனத்தில் வைத்தே இந்த மதிப்பீடு.

எங்கள் முடிவு இது. ஒலிப் பகுதியை வரிசை மாறாமல் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அறிவுப் பகுதியில் பொறுக்கி எடுங்கள். புதிய ஆசிரியருக்கு அறிமுகம் செய்யும்போது மட்டும் வழிகாட்டி நூலின் முன்னுரையை முதலில் கையில் திணிக்காதீர்கள். முதலில் அவர் வாயும் காதும் தயாராகட்டும்.

அமைப்பு எளிது. இரண்டாம் வகுப்பு வரை தினமும் இரண்டு தனித்தனிப் பாடங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒன்று எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் திறன் பாடம். மற்றொன்று ஆசிரியர் உரக்க வாசிக்க, பிள்ளைகள் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கேட்கும் அறிவுப் பாடம். இரண்டையும் ஏன் பிரித்தார்கள் என்பதை ஆசிரியர்களுக்குப் பதினைந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது என்று 1986இல் காஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் சொன்னார்கள். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்ஜியமானால் விடையும் பூஜ்ஜியம். கோட்பாடு இவ்வளவு போதும்.

இனி ஒலிகள். அமெரிக்கக் கிண்டர்கார்டன் ஏறத்தாழ நம் பாலர் பள்ளி இரண்டாம் ஆண்டு. அதில் பத்து அலகுகள். முதல் இரண்டில் எழுத்தே கிடையாது. ஒலிகளைக் காதால் சேர்ப்பதும், கோடு, வளைவு வரையப் பழகுவதும்தான். மூன்றாவது அலகில் எழுத்து வருகிறது. அதுவும் ஏ, பி, சி வரிசையில் இல்லை. எம்மில் தொடங்கி எட்டு எழுத்துகள். அந்த எட்டை வைத்தே பல சொற்களை உருவாக்கலாம் என்பதுதான் காரணம். எழுத்தின் பெயர் வெகுநாள் கழித்துத்தான் வரும். இதைக் கேட்டவுடன் நம் ஊர்ப் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். பிள்ளை மூன்று வயதிலேயே பாட்டாகப் பாடியாயிற்றே! ஆனால் டபிள்யூ என்ற பெயருக்குள் அந்த எழுத்தின் ஒலி எங்கே இருக்கிறது? பெயரை மட்டும் தெரிந்த பிள்ளை மூன்றெழுத்துச் சொல்லைப் பார்த்தால் மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும்.

ஆசிரியர்கள் செய்யும் முதல் பிழை, மெய்யொலியோடு ஓர் உயிரை ஒட்டிச் சொல்வது. 'ம' என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை 'ம-ஏ-ட' என்று சேர்த்து, பாய் என்ற பொருள் தரும் 'மேட்' என்ற சொல்லுக்கு வந்து சேராது. ஆங்கிலத்தில் பயிற்சி கொடுப்பவர்கள் இதை விளக்கப் படாதபாடு படுவார்கள். நமக்கு ஒரு புள்ளி போதும். "ம இல்லை, ம், ட இல்லை, ட்" என்றால் தமிழ் படித்தவருக்கு அந்த நொடியே விளங்கிவிடும். தொல்காப்பியர் காலத்துச் சொத்து, இங்கே கைகொடுக்கிறது.

இரண்டாவது பிழை அவ்வளவு எளிதில் போகாது. சிகேஎல்ஏயின் முதுகெலும்பு சங்கிலிப் பயிற்சி: அட்டைகளை அடுக்கி ஒரு சொல்லை வாசிக்கவைத்து, ஒரே ஓர் அட்டையை மட்டும் மாற்றி அடுத்த சொல்லுக்குப் போவது. பாய், பூனை, கட்டில், புள்ளி, நாய், தோண்டு என்ற பொருள்களில் வரும் ஆங்கிலச் சொற்களை எடுங்கள்: மேட், கேட், காட், டாட், டாக், டிக். ஒவ்வொரு படியிலும் மாறுவது ஓர் ஒலிதான். முதலில், நடுவில், கடைசியில் என்று மாறும் இடம் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கும் பிள்ளை முதல் படியைத் தாண்டினாலும் இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும். நாயைக் குறிக்கும் சொல்லுக்கு அடுத்து நடு அட்டையை மாற்றியும் பிள்ளை நாய் என்றே சொன்னால், "தப்பு" என்று சொல்ல வேண்டாம். மாற்றிய அட்டையில் விரலை வைத்து அந்த ஒலியை மட்டும் கேளுங்கள். பிறகு மூன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இந்தச் சங்கிலியில் பாய்க்கு முன்னால், கோபம் என்ற பொருளில் வரும் சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். தமிழில் எழுதினால் அதுவும் மேட், இதுவும் மேட். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ட்தான். சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்திலோ சொல்லின் கடைசி ஒலி பாதியிலேயே நின்றுவிடும். ஆசிரியர் இரண்டையும் ஒரே மாதிரி சொன்னால் பிள்ளை எழுத்துப் பிழை விடுவதில் வியப்பே இல்லை. மரத்துக்கான 'ட்ரீ'யையும் மூன்றுக்கான 'த்ரீ'யையும் ஒன்றாக ஒலிக்கும் பழக்கமும் இப்படித்தான். எனவே அறிமுகப் பயிற்சியின் முதல் ஒன்றரை மணி நேரம் முழுவதும் ஒலிக்கே போகட்டும். இருவர் இருவராக உட்காருங்கள். ஒருவர் அட்டையைப் பார்த்து ஒலிக்க, மற்றவர் அட்டையைப் பார்க்காமல் எழுத வேண்டும். எழுதியது பொருந்தவில்லை என்றால் சொன்னவரைத்தான் திருத்த வேண்டும். கைபேசியில் பதிவுசெய்து போட்டுக் காட்டினால் வாதம் இராது.

அமெரிக்க உச்சரிப்பில் எழுதப்பட்டது என்பது முதல் வகுப்பின் நான்காம் அலகில் உறைக்கும். அங்கே உயிரோடு ஆர் சேரும் ஒலிகளைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்கர் அந்த ஆரை உருட்டிச் சொல்வார்கள், நாம் சொல்வதில்லை. அதனால் விலங்கின் பாதத்துக்கான 'பா'வும் தண்ணீரை ஊற்று என்பதற்கான 'போர்'உம் அவர்களுக்கு வேறு, இங்கே பலர் வாயில் ஒன்று. உச்சரிப்பை மாற்றச் சொல்லிப் பிள்ளையை வதைக்காதீர்கள். ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துக்கோவைகள் என்று சொல்லிச் சேர்த்தே நடத்தலாம். அதற்கு ஒரு நல்ல கருவியும் உள்ளேயே இருக்கிறது. ஒலிக்குறி ஏட்டில் ஒவ்வோர் எழுத்துக்கோவைக்கும் கீழே ஒரு பட்டை. அந்த ஒலிக்கு அது எவ்வளவு அடிக்கடி வருகிறதோ அவ்வளவு நீளம். "இந்தச் சொல்லுக்கு எதை எழுதுவது?" என்று பிள்ளை கேட்டால், நீளமான பட்டையை முதலில் முயன்று பார்க்கச் சொல்லலாம்.

வாசிப்பு நூல்களில் அதுவரை நடத்திய ஒலிகளும், விதிக்கு அடங்காத சொற்கள் என்று தனியே சொல்லிக்கொடுத்த சிலவும் மட்டுமே வரும். கதைகள் தட்டையாக இருக்கும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் நூலகத்துக் கதைப்புத்தகத்தைப் போல, படத்தைப் பார்த்து அடித்துவிட இங்கே இடமில்லை. ருசிக்கு அறிவுப் பாடம் இருக்கிறது.

அந்த அறிவுப் பாடத்தில்தான் கத்தரிக்கோல் வேண்டும். கிண்டர்கார்டனின் 12 தலைப்புகளில் கொலம்பஸ், குடியேற்றக் கால ஊர்கள், அமெரிக்க அதிபர்கள் உட்பட நான்கு அமெரிக்க வரலாறு. ஐம்புலன், செடிகொடி, பூமியைப் பேணுதல் எல்லாம் இங்கேயும் பொருந்தும். பருவங்கள் பற்றியதை அப்படியே வாசித்தால், பனி பார்க்காத பிள்ளைக்கு நான்கு பருவமும் மனப்பாடம்தான். வடகிழக்குப் பருவமழையையும் தென்மேற்குப் பருவக்காற்றையும் ஒட்டித் திருத்துங்கள். இரண்டாம் வகுப்பின் ஆசிய நாகரிகங்கள் பகுதியில் சிந்துவெளியும் தீபாவளியும் வருகின்றன. அன்று ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு பிள்ளைகளைப் பேசவிடலாம்.

கழித்த இடத்தைச் சும்மா விடக் கூடாது. ஒரே தலைப்பில் இரண்டு, மூன்று வாரம் நின்று, அதே சொற்கள் திரும்பத் திரும்பக் காதில் விழுவதுதான் இந்த முறையின் பலம். தினம் ஒரு தலைப்பு என்று தாவினால் அந்தப் பலன் போய்விடும். நம் தண்ணீர் ஒரு நல்ல மாற்று: மழையும் நீர்த்தேக்கமும், ஜோகூரிலிருந்து வரும் நீர், 2003இல் வந்த நியூவாட்டர் என்ற மறுசுழற்சி நீர், கடல்நீரைக் குடிநீராக்குதல், 2008இல் திறந்த மரினா அணை. வாசிப்பு ஒன்றுக்குப் பத்து நிமிடம், புதுச் சொல் ஐந்துக்கு மேல் வேண்டாம். இடையிடையே நிறுத்திக் கேட்கும் கேள்விகளை முன்கூட்டியே பக்க ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது என்பதிலும் சறுக்குவார்கள். தொடக்கநிலை ஒன்று பிள்ளை என்பதற்காக முதல் வகுப்புப் பொதியைத் திறக்காதீர்கள். அலகின் முடிவில் உள்ள சோதனையைத் தனித்தனியாக, ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மூன்று ஒலிச் சொல்லைச் சேர்க்க முடியாத பிள்ளைக்கு வயது எதுவானாலும் கிண்டர்கார்டன் மூன்றாம் அலகுதான்.

கடைசியாக அச்சு, உரிமம். இலவசப் பதிவின் உரிமம் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டுமே. கட்டணம் வாங்கும் துணைப்பாட நிலையங்கள் உரிமத்தைப் படித்துவிட்டு இறங்குவது நல்லது. ஆசிரியர் வழிகாட்டி அலகுக்கு நூற்றுக்கணக்கான பக்கம் போகும், அதைத் திரையில் பார்த்தால் போதும். அச்சிட வேண்டியவை வாசிப்பு நூலும் பயிற்சித் தாளும் அட்டைகளும். பக்கங்கள் அமெரிக்க அளவு, 216க்கு 279 மில்லிமீட்டர். நம் ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம்தான். நூறு சதவீதத்தில் அச்சிட்டால் ஓரம் வெட்டுப்படும். தாளுக்குப் பொருத்து என்பதைத் தேர்ந்தால் சுமார் 97 சதவீதமாகச் சுருங்கும், பாதகமில்லை. அட்டைகளை மட்டும் எல்லாம் ஒரே நாளில், ஒரே அமைப்பில் எடுத்துவிடுங்கள். பாதி பெரிதும் பாதி சிறிதுமாக இருந்தால் எழுத்தைப் பார்க்காமல் அட்டையின் அளவை வைத்தே பிள்ளைகள் விடை சொல்லிவிடுவார்கள்.