நடந்து ஓட்டும் பேலட் டிரக்கா, ஏறி நின்று ஓட்டுவதா?

கிடங்கில் சரக்கு அடுக்கிய பலகைத் தட்டுகளைத் (பேலட்) தூக்கி நகர்த்தும் பேட்டரி பேலட் டிரக் வாங்க வருபவர்கள் எத்தனை டன் தூக்கும், ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம் ஓடும் என்றுதான் விசாரிக்கிறார்கள். ஓட்டுபவரின் உடம்பில் எந்த இடம் முதலில் அடிபடும் என்று கேட்பவர் அரிது. இரண்டு வகைக்கும் உள்ள முக்கியமான வேறுபாடே அதுதான்.

நடந்து ஓட்டும் வண்டி பெரும்பாலும் மணிக்கு 6 கிலோமீட்டருக்குள்தான் போகும். அந்த மெதுவான ஓட்டமே ஆளை ஏமாற்றிவிடுகிறது. ஓட்டுபவர் முன்னால் நடக்க, வண்டி பின்னால் வருகிறது. குதிகால் சக்கரத்துக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பின்னோக்கி நடந்து இழுத்தாலோ, முதுகு ரேக்கில் இடிக்கும்போது வண்டி வயிற்றை நெருங்கியிருக்கும். இதற்காகவே கைப்பிடியின் தலையில் ஒரு பொத்தான் உண்டு. உடம்பில் அழுந்தியதும் வண்டி எதிர்ப்பக்கம் விலகும். வயிறு தப்பும்; பாதத்துக்கு அந்தப் பொத்தானால் பயனில்லை.

பாதுகாப்புக் காலணி இருக்கிறதே என்பார்கள். அதன் முன்மூடி 200 ஜூல் மோதலைத் தாங்கும்படி சோதிக்கப்படுகிறது. சுமையோடு 1,500 கிலோ எடையுள்ள வண்டி 6 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 2,080 ஜூல். அத்தனையும் பாதத்தில் இறங்காதுதான். ஆனால் முன்மூடி விரல்களோடு முடிந்துவிடுகிறது, குதிகாலுக்கு அது காவல் இல்லை.

ஏறி நின்று ஓட்டும் வகையில் பாதம் சக்கரத்திலிருந்து தப்பி மேடைக்குப் போகிறது. ஆனால் அதே எடை 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் ஏறக்குறைய 5,800 ஜூல் ஆகிவிடும். அலட்சியமாக மேடைக்கு வெளியே தொங்கும் ஒரு கால், ரேக் தூணுக்கும் வண்டிக்கும் நடுவே சிக்கினால் கணுக்கால் போயிற்று. வண்டி நிற்கும் முன்பே குதித்து இறங்கும் பழக்கமும் இந்த வகையோடு வருவதுதான். தவிர, அடிபடுபவர் ஓட்டுபவராகவே இருக்க வேண்டியதில்லை. இடைவழியிலிருந்து வெளிப்படும் யாராகவும் இருக்கலாம்.

லாரிக்குள்ளும் நெருக்கடியான மூலைகளிலும் நடந்து ஓட்டுவதையே தேர்வு செய்வேன். நீண்ட, நேரான, ஆள் நடமாட்டம் பிரிக்கப்பட்ட பாதை என்றால் ஏறி ஓட்டுவது மேல். மடக்கு மேடை பொருத்திய நடுவாந்திர வண்டி இரண்டுக்கும் ஆகும் என்று விற்கப்படுகிறது. பக்கத் தடுப்பு இல்லையென்றால் நான் தொடமாட்டேன்.

பயிற்சியில் மட்டும் சலுகை இல்லை. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி இரண்டையும் ஃபோர்க்லிஃப்டோடு ஒரே பிரிவில் சேர்த்து, ஓட்டுநரை 3 ஆண்டுக்கு ஒருமுறையாவது மதிப்பிடச் சொல்கிறது. நடந்து ஓட்டுவதற்கு என்ன பயிற்சி என்று கேட்கும் மேலாளரிடம், கைப்பிடியை விட்டதும் அது நிமிர்ந்து பிரேக் பிடிக்கிறதா என்று இன்று காலை யார் சோதித்தார்கள் எனக் கேட்டுப் பாருங்கள்.